காற்று, கை, கிணறு: வாசகர் கேள்வி–பதில்

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலும் வெளியிலும் சுத்தம் பேணுவது பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் கேட்டவையும், தொற்றுநோய்த் தடுப்புப் பணியில் இருப்பவர்கள் தரும் பதில்களும்.

பால் பாக்கெட், காய்கறி, மளிகைப் பை என்று வீட்டுக்குள் வரும் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவுகிறேன். மகள், 'இது வேண்டாத வேலை' என்கிறாள். யார் சொல்வது சரி?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

மகள் சொல்வதுதான் பெரும்பாலும் சரி. 2020-ன் தொடக்கத்தில், கொரோனா வைரஸ் எப்படிப் பரவுகிறது என்பது தெளிவாகாத நாட்களில், எல்லாவற்றையும் கழுவச் சொன்னது உண்மை. நோயாளியின் மூச்சோடு வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையின் காற்றில் தங்கி, அதைச் சுவாசிப்பவர்களுக்குத் தொற்றுவதுதான் முக்கிய வழி என்பது பிறகு தெரியவந்தது. கிருமி பட்ட பொருளை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது.

பால் பாக்கெட்டைக் குழாய்த் தண்ணீரில் ஒருமுறை அலசி, வெட்டி ஊற்றிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். காய்கறிக்குச் சோப்பு வேண்டவே வேண்டாம். காயின் வெடிப்பிலும் கீரை மடிப்பிலும் சோப்பு தங்கிவிடும். வயிற்றுக்குள் போனால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கீரையை மட்டும் மண் அடியில் தங்கும்வரை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். மிச்சமாகும் நேரத்தில் வீட்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அதனால் கிடைக்கும் பலன் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

அண்டி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. சானிடைசர் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் போதுமா? அடிக்கடி கை கழுவித் தோலும் வெடித்துவிட்டது.
– முந்திரித் தொழிலாளி, கருங்கல்

போதாது. சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால், கிருமியைத் தொட்டால்தான் வேலை செய்யும். முந்திரித் தோட்டின் எண்ணெய் கையில் ஒரு படலமாக ஒட்டியிருக்கும்போது, ஆல்கஹால் அதன் மேலேயே வழுக்கிக் காய்ந்துவிடும். தோட்டெண்ணெய் பட்டுப் புண்ணான இடத்தில் எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். மீன் செதிலோ ரப்பர் பாலோ ஒட்டிய கைக்கும் இதே கதிதான்.

தோட்டெண்ணெய் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் முதலில் அரைத் தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை இரு கைகளிலும் தேய்த்து, பழைய துணியால் அழுத்தித் துடையுங்கள். அதன்பிறகு சோப்பு. பிசுக்கு போகவில்லையென்றால் இரண்டாம் முறையும் போடுங்கள். கையை நனைத்துச் சோப்பைக் குழைத்து, தண்ணீர் ஊற்றாமல் 20 விநாடி தேய்க்க வேண்டும். பெரும்பாலும் விடுபடுவது கட்டைவிரலும் விரல் நுனியும். வலது கட்டைவிரலை இடது கைக்குள் பிடித்துத் திருகுங்கள், பிறகு கை மாற்றுங்கள். ஐந்து விரல் நுனிகளையும் குவித்து மறு உள்ளங்கையில் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் நகத்தடி சுத்தமாகும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வளையலை மேலே தள்ளிவிட்டு மணிக்கட்டு வரை கழுவுங்கள். கொரோனா, ஃப்ளூ வைரஸ்களின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கிழித்துவிடுகிறது, அதற்குத்தான் அந்த 20 விநாடி. கொழுப்புறை இல்லாத, வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ போன்ற வைரஸ்களிடம் சானிடைசரின் வலிமை குறைவு. சோப்பும் தண்ணீரும்தான் அவற்றைக் கையிலிருந்து அடித்துக்கொண்டு போகும்.

கிணற்றுத் தண்ணீரை வாளியில் வைத்துக் கழுவும் வீடுகளில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அழுக்குக் கையோடு கப்பைப் பிடித்துக் கோரும்போது விரல் வாளித் தண்ணீரில் முங்கும்; அதே தண்ணீரைத்தான் அடுத்தவரும் எடுப்பார். கப்பின் பிடியும் கழுவப்படாமலே கிடக்கும், சுத்தமான கை மறுபடி அதைத்தான் தொடும். அடியில் குழாய் வைத்த வாளி ஒன்று வாங்கிப் புறவாசலில் ஒரு கல்மேல் ஏற்றி வையுங்கள். அது இல்லாவிட்டால் இன்னொருவர் ஊற்றிக் கொடுக்கட்டும். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு கையும் நன்றாகக் கழுவிவிடலாம். கட்டிச் சோப்பைத் தண்ணீர் தேங்கும் கிண்ணத்தில் போடாமல், அடியில் ஓட்டை உள்ள தட்டில் வைத்தால் கரைந்து வீணாகாது.

கழுவிய கையை ஈரமாகவே விடுவதும் தோல் வெடிக்க ஒரு காரணம். ஒற்றி எடுத்து உலர்த்திவிட்டுத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். துணி துவைக்கும் சோப்பைக் கைக்குப் போடாதீர்கள், அதன் காரம் அதிகம்.

சானிடைசர் கிடைக்காத நேரத்தில் பிராந்தியைக் கையில் தேய்க்கலாம் என்கிறார்களே?
– கடைக்காரர், மார்த்தாண்டம்

பயன் இல்லை. சானிடைசருக்குக் குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் வேண்டும். இங்கே விற்கும் பிராந்தி, ரம்மில் இருப்பது 42.8 சதவீதம்தான். புட்டியின் பின்பக்கத்தில் சதவீதம் அச்சிடாத சானிடைசரை வாங்க வேண்டாம். மெத்தனால் கலந்த போலிச் சரக்குத் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். தவறிக் குடித்தால் கண் பார்வையே போய்விடும்.

இன்னொன்று, சானிடைசர் தேய்த்த கையோடு அடுப்பையோ குத்துவிளக்கையோ பற்றவைக்காதீர்கள். ஆல்கஹால் தீ வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது, பற்றியதே சுட்ட பிறகுதான் தெரியும். கை முழுக்கக் காய்ந்த பிறகு தீக்குச்சியை எடுங்கள். அடுக்களையில் சானிடைசர் புட்டியே வேண்டாம், அங்கே சோப்புதான் இருக்கிறதே.

மீன் வாங்கினால் தொற்று வருமா? மஞ்சளும் உப்பும் போட்டு அலசினால் கிருமி சாகுமா?
– வாசகி, குளச்சல்

மீனால் வராது, மீன் வாங்க நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தால் வரும். கூட்டம் வடிந்த பிறகு போங்கள். உப்பும் மஞ்சளும் வழவழப்பையும் வாடையையும் எடுக்கும், வைரஸுக்கு மருந்து அல்ல. குழம்பு கொதிப்பதே போதும். பச்சை மீன் வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் வெங்காயம் நறுக்குவதுதான் வயிற்றுக்குக் கேடு.

வடசேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போகிறேன். மழை வந்தால் எல்லா ஷட்டரையும் இறக்கிவிடுகிறார்கள். வேர்வையில் மாஸ்க் நனைந்துவிடுகிறது. என்ன செய்வது?
– தனியார் நிறுவன ஊழியர், வடசேரி

ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை என்று இரண்டு பருவமும் பெய்யும் ஊர் நம்முடையது. அதனால் இந்தச் சிக்கல் வருஷத்தில் பாதி நாட்களுக்கு இருக்கும்.

முதலில் ஷட்டர். எல்லாவற்றையும் திறக்க வேண்டியதில்லை. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் எதிர் வரிசையில் ஒன்று, இரண்டையும் ஒரு சாண் திறந்து வைத்தால் வண்டி ஓடும்போது காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். சாரல் படும் பக்கத்தில் நாலு விரல் இடைவெளி விட்டாலும் பயன் உண்டு. நடத்துநரிடம் சொல்லிப் பாருங்கள். காரணம் தெரிந்தால் பக்கத்துச் சீட்டுக்காரரும் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

மாஸ்க் நனைந்தால் அதன் வழியே மூச்சுப் போவது கடினமாகும், உடனே காற்று ஓரத்து இடுக்குகள் வழியாகப் போய்வரத் தொடங்கும். அதனால் ஈரமான மாஸ்க், போட்டும் போடாததுபோல. பையில் இரண்டாவது மாஸ்க் ஒன்றைக் காகிதக் கவரில் வைத்திருங்கள். மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் என்றால் நிறமுள்ள பக்கம் வெளியே, கம்பி மேலே. கம்பியை மூக்குத் தண்டின் இருபுறமும் இரண்டு கை விரலாலும் அழுத்தி வளையுங்கள். பெருமூச்சு விடும்போது கண்ணில் காற்றுப் பட்டாலோ கண்ணாடியில் ஆவி படிந்தாலோ மேல் ஓரம் சரியாகப் படியவில்லை என்று பொருள். கன்னத்தில் இடைவெளி தெரிந்தால், காது வளையத்தை மாஸ்க்கின் ஓரத்தை ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, பிதுங்கும் மடிப்பை உள்ளே செருகுங்கள்.

என்95 வாங்க முடிந்தால் கூட்டமான பஸ்ஸுக்கு அதுவே நல்லது. அதைத் துவைக்கவும் கூடாது, சானிடைசர் தெளிக்கவும் கூடாது. அதன் இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் மின்னேற்றம்தான் நுண்துகளைப் பிடிக்கிறது, ஆல்கஹால் பட்டால் அது போய்விடும். ஐந்து மாஸ்க் வாங்கி, ஐந்து காகிதக் கவர்களில் கிழமை எழுதி, ஒருநாள் போட்டதை அடுத்த நான்கு நாள் காற்றில் விடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் அடங்கிப் பூஞ்சை பிடிக்கும். வால்வு வைத்த மாஸ்க் உங்களைக் காக்கும், உங்கள் மூச்சிலிருந்து அடுத்தவரைக் காக்காது. துணி மாஸ்க்கைத் தினமும் வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவையுங்கள். அடைமழையில் கொடியில் காயாவிட்டால், இஸ்திரி போட்டு ஈரத்தை முழுக்க எடுத்த பிறகே அணியுங்கள்.

வீட்டுக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்கிறார்கள். எவ்வளவு, எப்படிப் போடுவது? தரையையும் அதிலேயே துடைக்கலாமா?
– வாசகர், தக்கலை

கிணற்றுத் தண்ணீரால் கொரோனா பரவுவதில்லை. ஆனாலும் தொற்றுக் காலத்தில் வயிற்றுப்போக்கு என்று நெரிசலான ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை வரக்கூடாது. அதற்காகவே கிணற்றைக் கவனிக்கச் சொல்கிறோம், முக்கியமாக மழைவெள்ளம் உள்ளே இறங்கிய பிறகு.

கயிற்றில் கல் கட்டி இறக்கி, கயிறு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று அளந்தால் தண்ணீரின் ஆழம் தெரியும். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, விட்டம் × விட்டம் × ஆழம் × 785 என்று பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் என்றால் 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்ற கணக்கில் சுமார் 24 கிராம். கையளவில் அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள்.

அதை நேரே கிணற்றில் கொட்டுவதுதான் வழக்கமான பிழை. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் சேர்த்துக் கலக்கி 10 நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் வெள்ளையாகப் படியும், குளோரின் மேலே தெளிந்த நீரில் இருக்கும். அந்தத் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு இறுத்து, கிணற்றில் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்குங்கள். அடிமண்டி உள்ளே போனால் தண்ணீர் கடினமாகும், அதைத் தென்னைமூட்டில் ஊற்றாமல் தனியே கொட்டுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் தண்ணீர் எடுக்கக்கூடாது. இரவு கடைசியாக இறைத்த பிறகு போட்டால் காலையில் எடுக்க வசதி.

மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாத பழைய பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும். காற்றும் வெயிலும் படாமல் இறுக மூடி வையுங்கள். செப்டிக் டாங்குக்கும் கிணற்றுக்கும் இடையே 15 மீட்டர் இருக்க வேண்டும். மூன்று, ஐந்து சென்ட் மனைகளில் அந்த இடைவெளி பெரும்பாலும் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் குளோரின் போட்டாலும் குடிதண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

தரைக்குச் சாதாரண நாளில் சோப்புத் தண்ணீர் போதும். நோயாளி இருக்கும் அறைக்கும் கழிப்பறைக்கும் மட்டும் 10 லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் பவுடர் கலந்து, துடைத்துவிட்டு 10 நிமிடம் ஈரமாக விடுங்கள். அன்றன்று கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு இதை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அந்த இடத்திலேயே குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். மனிதர்கள்மேல் தெளிப்பது தோலுக்கும் கண்ணுக்கும் கேடு, தொற்றையும் தடுக்காது.

பாட்டாவுக்குக் காய்ச்சல். எங்கள் வீட்டில் ஒரே ஒரு கழிப்பறை. எப்படிச் சமாளிப்பது?
– கல்லூரி மாணவி, குலசேகரம்

ஜன்னல் உள்ள அறையைப் பாட்டாவுக்குக் கொடுங்கள். மேஜை மின்விசிறியை அறைக்குள் பார்த்து வைக்காமல், ஜன்னலை நோக்கி, காற்றை வெளியே தள்ளும்படி வையுங்கள். அறைக் கதவைச் சாத்தி, கதவடி இடுக்கில் பழைய துணியை மடித்து வையுங்கள். இப்படிச் செய்தால் அவர் விடும் மூச்சு கூடத்துக்கு வராமல் வெளியே போகும். அந்த ஜன்னல் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தால் வேறு ஜன்னலைப் பாருங்கள்.

கழிப்பறையை மற்றவர்கள் முதலில் பயன்படுத்தட்டும், அவர் கடைசியில். அவர் போய்விட்டு வெளியே வந்த பிறகு அதன் ஜன்னலைத் திறந்து, முடிந்தவரை நேரம் விட்டு மாஸ்க்கோடு போங்கள். ஒரே தோர்த்தில் வீடே கை துடைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு ஈரிழைத் தோர்த்து, தனித்தனி ஆணி. தட்டு, தம்ளரைச் சாதாரணச் சோப்பில் கழுவினால் போதும், தூக்கியெறிய வேண்டியதில்லை. படுக்கை விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்துத் துவையுங்கள். பார்த்துக்கொள்பவர் ஒருவராகவே இருக்கட்டும், அம்மையும் மைனியும் மாறி மாறிப் போக வேண்டாம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை வைக்கும்முன் விரலில் நகப்பூச்சோ மருதாணியோ இல்லாமல் பாருங்கள். விரல் குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். 94-க்குக் கீழே வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள். சந்தேகம் கேட்க 104.

ஆவி பிடித்தால் வைரஸ் செத்துவிடுமா?
– வாசகர், தோவாளை

சாகாது. மூக்கடைப்புக்கு இதம் தரும், அவ்வளவுதான். வைரஸைக் கொல்லும் சூடு மூக்கின் உள்தோலையும் வேகவைத்துவிடும். குழந்தைகளைக் கொதிக்கும் சட்டிமுன் உட்காரவைக்க வேண்டாம், சட்டி சாய்ந்து வெந்துபோகும் விபத்துகள் நடக்கின்றன.

கல்யாணத்தைத் தள்ளிவைக்க முடியாது. பந்தியில் என்ன கவனிக்க வேண்டும்?
– மணப்பெண்ணின் தகப்பனார், இராஜாக்கமங்கலம்

எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பேசிக்கொண்டே சாப்பிடும் இடம் பந்திதான். ஏ.சி. மண்டபத்துக்குள் போடாமல், பக்கவாட்டு மறைப்பு இல்லாத பந்தலுக்கு மாற்றுங்கள். ஒரு பந்திக்கு உட்காருவோரைப் பாதியாக்கி, பந்திகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பரிமாறுபவர்கள் இலைமேல் குனிந்து பேசுவார்கள், அவர்களுக்கு மாஸ்க் கட்டாயம். கை கழுவும் குழாய் வரிசையைச் சாப்பிட்டு வருபவர்களுக்கு மட்டும் என்று வைக்காமல், உட்காரப் போகும் வாசலிலும் இரண்டு குழாய் வையுங்கள், ஒவ்வொன்றிலும் சோப்புக் கட்டி ஒன்று. துடைக்கத் துண்டு தொங்கவிடாதீர்கள், கை தானே காயட்டும்.