கஞ்சா பயிரிட மாகாண சபை அனுமதி கொடுக்க முடியுமா?

கேள்வி: எங்கள் கமக்காரர் அமைப்பில் ஒரு கடிதம் கைமாறுகிறது. மருந்துக்கும் ஏற்றுமதிக்கும் கஞ்சா பயிரிடக் கிழக்கு மாகாணம் தனிச்சட்டம் கொண்டுவர வேண்டும், அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்கிறோம், கையெழுத்து வையுங்கள் என்கிறார்கள். ஊரில் பாதிப்பேர் ஆதரவு, பாதிப்பேர் எதிர்ப்பு. கையெழுத்து வைத்தால் சிக்கல் வருமா? மாகாணத்துக்கு அந்த அதிகாரம் உண்டா? எங்கள் கருத்தை யாருக்கு எப்படி அனுப்புவது? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: கையெழுத்து வைப்பது குற்றமல்ல. ஒரு சட்டத்தை மாற்றுங்கள் என்று கேட்பதும், மாற்றாதீர்கள் என்று கேட்பதும் குடிமக்களின் உரிமை. ஆனால் அந்தக் கடிதத்தை நம்பி ஒரு விதைகூட ஊன்றாதீர்கள். 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வளர்த்தால் அது ஒரு செடியானாலும் குற்றம். பதிவு பெற்ற சுதேச வைத்தியர்கள் மருந்து தயாரிக்கப் பெற்றுக்கொள்ளும் ஒதுக்கீடு வேறு விடயம். அதைக் காட்டி வயலில் பயிரிட முடியாது.

இனி மாகாணத்தின் அதிகாரம். 1987 இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பிரித்தது: மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல். மருந்துகளும் நஞ்சுகளும் ஒருங்கிய நிரலில் இருக்கின்றன, அதாவது பாராளுமன்றமும் மாகாண சபையும் இரண்டுமே கைவைக்கக்கூடிய இடத்தில். கடிதம் எழுதியவர்கள் இதைத்தான் பிடித்திருக்க வேண்டும். 154எ உறுப்புரையின்படி, 1987 க்கு முன்பிருந்த ஒரு சட்டத்துக்கு முரணாக ஒருங்கிய நிரலில் உள்ள விடயத்தில் மாகாணம் நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) ஆக்கினால், பழைய சட்டம் அந்த மாகாணத்துக்குள் செயலிழக்கும். காகிதத்தில் பார்த்தால் வாசல் திறந்தே இருக்கிறது.

ஆனால் அந்த வாசலுக்கு மூன்று பூட்டுகள். பாராளுமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும், பழைய சட்டம் செயலிழக்காது. 1987 க்குப் பின் பாராளுமன்றம் ஒழுங்காக இயற்றிய சட்டத்தோடு நியதிச்சட்டம் மோதினால் பாராளுமன்றச் சட்டமே வெல்லும். போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கைகளை உள்நாட்டில் செயற்படுத்தும் 2008 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் அப்படிப்பட்ட ஒன்று. மூன்றாவது பூட்டுத்தான் பலமானது: வெளிநாட்டு அலுவல்களும் தேசியக் கொள்கையும் ஒதுக்கிய நிரலில், அதாவது பாராளுமன்றம் மட்டுமே கைவைக்கக்கூடிய இடத்தில், இருக்கின்றன. 1961 ஆம் ஆண்டின் போதைப்பொருள் உடன்படிக்கை, கஞ்சா பயிரிட அனுமதிக்கும் நாடு அதற்கென ஒரு அரச முகவர் அமைப்பை வைத்திருக்க வேண்டும் என்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணைக்குழு கஞ்சாவை அந்த உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து நீக்கியது உண்மை. கட்டுப்பாட்டுக்குரிய முதலாம் அட்டவணையில் அது இன்னும் இருக்கிறது. கூட்டங்களில் முதற்பாதியை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

‘இந்தியாவில் உத்தராகண்ட் செய்ததே’ என்ற வாதமும் வரும். அங்கே 1985 ஆம் ஆண்டின் மத்திய போதைப்பொருள் சட்டமே, அதன் 10 ஆவது பிரிவில், பயிர்ச்செய்கைக்கு அனுமதி வழங்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. போதை தரும் கூறு 0.3 சதவீதத்துக்குக் குறைவாக உள்ள கஞ்சாச் சணல் (hemp) வகைக்கு உத்தராகண்ட் அனுமதி கொடுத்தது அந்த மத்திய சட்டத்தின் பலத்தில்தான். நமது கட்டளைச் சட்டம் அப்படி எதையும் மாகாணங்களுக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நியதிச்சட்டம் என்றால் சபை கூடி நிறைவேற்ற வேண்டும், பிறகு ஆளுநர் சம்மதம் தரவேண்டும். ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினாலும், உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புக்காக ஜனாதிபதியிடம் ஒதுக்கி வைக்கலாம். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்துவிட்டது. தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாத காலத்தில் நியதிச்சட்டம் பிறக்க இடமே இல்லை. உள்ளூராட்சி சபை தீர்மானம் போடலாம். அது ஒரு கருத்து, அவ்வளவே. தீர்மானம் நிறைவேறிய மறுநாள் நாற்று மேடை போட்டவரைப் பொலிஸ் பிடித்தால் அந்தத் தீர்மானம் நீதிமன்றத்தில் அவரைக் காப்பாற்றாது.

ஆகவே உங்கள் கருத்து போகவேண்டிய இடம் கொழும்பு: சுகாதார அமைச்சு, ஆயுர்வேதத் திணைக்களம், பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழு, திருகோணமலை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள். பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதி போதும். தமிழிலேயே எழுதுங்கள், அரசகரும மொழியில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. பதிவுத்தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

எழுதும் விதத்தில்தான் பெரும்பாலான கடிதங்கள் கோட்டை விடுகின்றன. ஒரே வாசகத்தில் முந்நூறு கையெழுத்து வந்தால் அதிகாரி அதை ஒரு கடிதமாகவே எண்ணுவார். ‘அனுமதியுங்கள்’, ‘தடுங்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கும் பலன் குறைவு. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, அதில் என்ன சொல் மாறவேண்டும் என்று கேளுங்கள். உங்கள் ஊர் நெல் வயல் கந்தளாய்க் குளத்து நீரை நம்பியது. புதிய பயிருக்கு எந்தப் போகத்தில் எவ்வளவு நீர், வயற்காணியா மேட்டுக்காணியா, வேலிக்கும் காவலுக்கும் செலவு யாருடையது, விளைச்சலில் போதைக்கூறு வரம்பைத் தாண்டினால் அழிக்கும் நட்டம் யாருக்கு: இவற்றை உங்களைவிட நன்றாகக் கேட்கக்கூடியவர் இல்லை. எதிர்ப்பவர்களும் அப்படியே, பாடசாலைக்கும் தோட்டத்துக்கும் இடைத்தூரம், இரவுக் காவல் என்று அளவோடு எழுதட்டும். சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்தகங்களும் மூலிகைத் தோட்டங்களும் மாகாண சபை நிரலிலேயே இருக்கின்றன. ஊர் வைத்தியர்களுக்கு மருந்துச் சரக்கு ஒழுங்காகக் கிடைக்க வழி கேட்பது மாகாண நிர்வாகத்திடம் இன்றே வைக்கக்கூடிய கோரிக்கை. என் கணிப்பில் அந்தக் கடிதத்தைவிட இதற்குப் பயன் அதிகம்.

உங்கள் பகுதியில் காணி பார்க்கிறார்கள் என்று கதை அடிபட்டால் வதந்தியோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திடமும் முதலீட்டுச் சபையிடமும் விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ‘கஞ்சாத் திட்டம் பற்றிய எல்லாத் தகவலும்’ என்று கேட்டால் தட்டிக்கழிப்பது சுலபம். காணியின் பெயர், பரப்பு, விண்ணப்பத் திகதி, அனுமதிக் கடிதத்தின் பிரதி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அமைச்சின் திட்டமாகவும், உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்டதாகவும் இருந்தால், தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்பே விபரத்தை வெளியிடும் கடமை அதே சட்டத்தின் 9 ஆவது பிரிவில் இருக்கிறது.

கடைசியாக, சட்டமூலம் உண்மையிலேயே வந்தால் வர்த்தமானியைத் தவறவிடாதீர்கள். சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பிறகு அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்லக் கிடைப்பது சில நாட்களே. ஏறிய நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்வதாகவே திட்டமிடுங்கள்; அதேவேளை சபாநாயகருக்கும் பிரதி போகவேண்டும். சட்டத்தரணியை வர்த்தமானி வந்த அன்றே பிடித்தால்தான் இது நடக்கும். சபாநாயகர் சான்றுரைத்த பிறகு அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது, 80 ஆவது உறுப்புரை அதைத் தடுக்கிறது. தமிழ்ப் பிரதியோடு சிங்களப் பிரதியையும் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் முரண் இருந்தால் சிங்கள வாசகமே மேலோங்கும் என்று சட்டங்களின் இறுதியில் எழுதியிருக்கும்.