ஆற்றோரச் சைக்கிள் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆற்றங்கரைப் பாதையில் ஐந்து நாள் சைக்கிள் பயணம் போகத் திட்டம். ஆறு ஓடும் திசையிலேயே போனால் முழுக்க இறக்கம்தான், மிதிக்கவே வேண்டாம் என்கிறார்கள். அப்படியா?

பதில்: அப்படி நம்பிக் கிளம்பாதீர்கள். சமவெளியில் ஆற்றின் சரிவு காலுக்குத் தெரியாத அளவு சிறியது. டான்யூப் ஆற்றோரம் ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை செல்லும் புகழ்பெற்ற சைக்கிள் பாதையின் நீளம் சுமார் 320 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் ஆறு இறங்குவது ஏறத்தாழ 130 மீட்டர்தான்.

ஆள், வண்டி, சுமை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சரிவு உங்களை முன்னே தள்ளும் விசை அரை நியூட்டன்கூட இல்லை. காற்றில்லாத நேரத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போக, டயர் உருள்வதற்கு சுமார் 6 நியூட்டனும் காற்றை விலக்குவதற்கு சுமார் 9 நியூட்டனும் செலவாகும். எதிரே அதே 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் அந்த 9 என்பது 36 ஆகிவிடும். உங்கள் மேல் மோதும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகிறது.

ஆகவே திசையை முடிவு செய்ய வேண்டியது காற்றை வைத்துத்தான். நீங்கள் போகும் மாதத்தில் அந்தப் பகுதியில் வழக்கமாக எந்தப் பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது என்று முதலில் விசாரியுங்கள். இருபுறமும் குன்றுகள் இருந்தால் பள்ளத்தாக்கு காற்றைத் தன் நீளவாக்கில் திருப்பிவிடும். ஒன்று நேரே முகத்தில் அடிக்கும், இல்லையென்றால் முதுகில் தள்ளும். பள்ளத்தாக்கின் மேற்பகுதி மலையில் முடிகிறதென்றால், வெயில் ஏறிய பிறகு காற்று கீழிருந்து மேல்நோக்கி வீசும், பிற்பகலில் வலுக்கும், இரவில் திசை மாறும். அங்கே நீரோட்டத்தோடு போகிறவர் அன்றைய தூரத்தை முற்பகலிலேயே முடித்துவிடுவது நல்லது.

கேள்வி: ஆற்றின் எந்தக் கரையில் போவது?

பதில்: ஒரே கரையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பதில்லை. ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரையை நீர் அரிக்கும், உட்பக்கத்தில் மணலும் வண்டலும் படியும். அதனால் வெளிப்பக்கம் செங்குத்தாக நிற்க, சாலை மேட்டில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். உட்பக்கம் தட்டையாக இருக்கும். வரைபடத்தில் வளைவுகளைப் பார்த்து, பாலம் இருக்கும் இடங்களில் கரை மாறிக்கொள்ளலாம். படகுத்துறையை நம்பித் திட்டம் போட்டால், கடைசிப் படகு எத்தனை மணிக்கு, வெள்ளம் வந்தால் படகு ஓடுமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கிளையாறு வந்து சேரும் இடத்தில் கரைப்பாதை பெரும்பாலும் அறுந்து, பாலம் தேடி உள்ளே போய்த் திரும்ப வைக்கும். நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டர் என்றால் பாதை 40-ஐத் தாண்டக்கூடும்.

கேள்வி: மேடே இல்லாத பாதை என்றுதானே தேர்ந்தெடுத்தோம்? ஒத்திகைக்குப் போன அன்று மதியத்துக்குள் இருக்கை வலி, உள்ளங்கை மரத்துப்போனது. ஏன்?

பதில்: மேடு இல்லாததுதான் காரணம். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கிறோம், இறக்கத்தில் கால் ஓய்கிறது, உட்காரும் விதம் மாறிக்கொண்டே இருக்கிறது. சமதரையில் இது எதுவும் தானாக நடப்பதில்லை. மணிக்கணக்கில் அதே எலும்பும் அதே நரம்பும் எடையைத் தாங்குகின்றன. சமவெளிப் பயணத்தை எளிது என்று எண்ணுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று இருபது மிதி மிதியுங்கள். வலி வந்த பிறகு எழுந்து பயன் குறைவு; வலி வருவதற்கு முன்பே பழக்கமாக்க வேண்டும். கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று வருகிற கியரில் போனால் முழங்கால் தப்பிக்கும்.

சீட்டின் உயரத்தைப் பார்க்க, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கி முழு எடையும் கைக்கு வரும். கை மரப்பதற்கு இது முக்கியக் காரணம். சீட்டை மட்டமாக்கிவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் இடத்தையும் அடிக்கடி மாற்றுங்கள். விரல் மரத்துப்போய் இரவிலும் தெளியவில்லை என்றால் மறுநாள் வண்டியை எடுக்க வேண்டாம். சுண்டுவிரல் பக்கத்து நரம்பு நசுங்கினால் குணமாக வாரக்கணக்கில் ஆகலாம்.

முதல் பயணத்துக்குச் சுமையோடு நாளுக்கு 50, 60 கிலோமீட்டர் போதும். எதிர்காற்று அடிக்கும் நாளில் அதில் பாதி கிடைத்தாலே நல்ல நாள்.

கேள்வி: பின்சக்கரத்தில் அடிக்கடி ஸ்போக்ஸ் கம்பி அறுகிறது. எப்போதும் வலப்பக்கம்தான். கேரியர் சுமை 15 கிலோ.

பதில்: வலப்பக்கம் பல்சக்கரம் இருப்பதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கின்றன. ரிம்மை நடுவில் நிறுத்த அவற்றை இடப்பக்கத்தைவிட அதிகமாக முறுக்க வேண்டியிருக்கிறது. கம்பி பெரும்பாலும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் மாட்டும் வளைவில் அறுகிறது. ஒரே அடியில் அறுவதில்லை. சக்கரம் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் கம்பி தளர்ந்து இறுகி, நாளடைவில் சோர்ந்துபோகிறது. சக்கரத்தில் முறுக்கு சீராக இல்லாவிட்டால் இது விரைவில் நடக்கும். ஆகவே அறுந்ததை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் தீராது. இரண்டு மூன்று அறுந்துவிட்டதென்றால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் அனைத்தையும் மாற்றி, கோட்டம் எடுக்கத் தெரிந்தவரிடம் முறுக்கையும் சமப்படுத்தச் சொல்லுங்கள். சுமைப் பயணத்துக்கு 36 கம்பிச் சக்கரம் நம்பகமானது.

சுமையைக் குறைக்க முடியாவிட்டால் பிரித்து ஏற்றுங்கள். நான்கைந்து கிலோவை முன்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிட்டால் பின்சக்கரத்தின் பாரம் குறையும். குழி வரும்போது சீட்டிலிருந்து எழுந்துவிடுங்கள்.

வழியில் அறுந்தால் இப்படிச் செய்யுங்கள். அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிக் கட்டுங்கள். அதற்கு இருபுறமும் அடுத்திருக்கும் இரண்டு கம்பிகள் எதிர்ப்பக்கத்தைச் சேர்ந்தவை. ரிம்மைத் தங்கள் பக்கம் இழுப்பவை அவைதான். அவற்றை அரைச் சுற்று தளர்த்துங்கள். ரிம் இன்னும் உரசினால் பின்பிரேக்கைச் சற்று விரித்துவிட்டு, முன்பிரேக்கை நம்பி மெதுவாக அடுத்த ஊர் வரை போகலாம். மாற்றுக் கம்பி எடுத்துப் போவதென்றால் அளந்து வாங்குங்கள். இடம், வலம் இரண்டுக்கும் நீளம் வேறாக இருக்கும். வலப்பக்கம் மாட்டப் பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும், அதற்கான கருவியும் பையில் இருக்க வேண்டும்.

கேள்வி: கரைப்பாதை பாதி தார், பாதி சரளை. டயரும் காற்றும் எவ்வளவு?

பதில்: 35 முதல் 42 மில்லிமீட்டர் அகலம். 40 மில்லிமீட்டர் டயரில் மொத்த எடை 100 கிலோ என்றால் பின்னால் 50, முன்னால் 40 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்குங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. மழைக்குப் பின் களிமண் பாதை என்றால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கட்டும்; இல்லையேல் அன்று தார்ச்சாலைக்கு மாறுங்கள்.

கேள்வி: பஞ்சர் ஒட்டினாலும் அரை மணியில் மறுபடி காற்று இறங்குகிறது.

பதில்: இரண்டில் ஒன்று. முள் இன்னும் டயருக்குள் இருக்கிறது, அல்லது ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை. ட்யூபில் ஓட்டையைக் கண்டதும், வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரில் அதே இடத்தை உட்புறமாகத் துணியால் தடவுங்கள். முனை ஒடிந்த முள் துணியில் சிக்கும். வெறும் விரலால் தேடினால் குத்திக்கொள்வீர்கள். ஓட்டை ரிம் பக்கத்தில் இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம், ரிம்மின் உட்புறம் கம்பி முனைகளை மூடியிருக்கும் நாடா விலகியிருக்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு வெட்டுகள் என்றால் காற்றுக் குறைந்த டயர் கல்லில் மோதி ட்யூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது.

ஒட்டும்போது உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். சொல்யூஷனை ஒட்டுத்துண்டைவிட அகலமாக, மெல்லியதாகத் தடவி, ஈரம் முழுக்கப் போகும்வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவதால்தான் பெரும்பாலான ஒட்டுகள் கழன்றுவருகின்றன. ஆற்றோரப் பனியில், மழையில் அது காயவே காயாது. மாற்று ட்யூபைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், ஒட்டுவதை இரவில் கூரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆற்று நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

பதில்: விளைநிலங்களைக் கடந்து வரும் ஆறென்றால் வேண்டாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். பூச்சிமருந்தும் உரமும் அப்படியே இருக்கும். ஊர்க் குழாயில் பிடித்து 3 லிட்டர் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மணல் திட்டில் கூடாரம் போடலாமா?

பதில்: கூடாது. வானம் தெளிவாக இருந்தாலும் மேலே எங்கோ பெய்த மழையோ அணையில் திறந்த நீரோ இரவில் வந்து சேரலாம். கரையோர மரங்களைப் பாருங்கள்: கிளைகளில் சருகும் குப்பையும் சிக்கியிருக்கும் உயரம்வரை வெள்ளம் வந்திருக்கிறது. அதற்கு மேலே இடம் தேடி, நிலம் யாருடையது என்று கேட்டுத் தங்குங்கள். ஆற்றிலிருந்து தள்ளிப் போகப் போக விடியற்காலைப் பனியீரமும் குறையும். வண்டியின் செயினைத் துடைத்துவிட்டு, இரவிலேயே எண்ணெய் போட்டு வையுங்கள்.