நாளின் நேரத்துக்கு ஏற்ப உடலை இயக்கும் நம் உயிர்க் கடிகாரத்துக்கும் செல் பிரிவதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நான் அதை முதலில் உணர்ந்தது வெங்காய வேரில்.

பி.எஸ்சி. தாவரவியல் முதலாண்டு, மதிய நேரச் செய்முறை வகுப்பு. அப்போதே வேர் நுனியை வெட்டி, அசிட்டோகார்மைன் என்ற சாயம் விட்டு, ஸ்லைடைச் சுடரில் லேசாகக் காட்டி, கட்டை விரலால் நசுக்கிப் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் உருண்டை உருண்டையாக உட்கருக்கள். பிரிகிற செல் ஒன்றுகூட அகப்படவில்லை. "காலையில எட்டு, ஒன்பது மணிக்கே வெட்டி வச்சிருக்கணும்மா" என்றார் மேடம். மறுநாள் காலையில் வெட்டி, செல்களை அப்படியே நிறுத்திவைக்கும் அசிட்டிக் ஆல்கஹாலில் ஒரு நாள் போட்டு வைத்த நுனியில்தான், பிரிகிற செல்களின் நடுவில் வரிசைகட்டி நின்ற குரோமோசோம்களைப் பார்த்தேன்.

சரி, வெங்காய வேரில் வெப்பம், ஈரம் என்று பலதும் கலந்திருக்கும். கடிகாரத்தின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டியது எலியின் கல்லீரல். மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் கல்லீரல் திரும்ப வளர்ந்துவிடும். ஜப்பானில் ஒகாமுரா என்ற ஆய்வாளரின் குழுவினர் எலிகளுக்கு வெவ்வேறு நேரங்களில் இந்த அறுவையைச் செய்து பார்த்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும் வேலை, அறுவை எப்போது நடந்திருந்தாலும் அதே வேகத்தில் நடந்தது. ஆனால் செல் இரண்டாகப் பிரிவது மட்டும் நாளின் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்காகக் காத்திருந்தது!

செல் பிரிவதற்கு ஒரு வாசல் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதைப் பூட்டி வைப்பது வீ1 என்ற புரதம். (வீ என்றால் ஸ்காட்லாந்து வழக்கில் 'சின்ன' என்று பொருள். இது கெட்டுப்போன ஈஸ்ட் செல்கள் வளர்ந்து முடிக்கும் முன்பே பிரிந்து குட்டையாக இருந்ததால் வந்த பெயர்.) கடிகாரப் புரதங்களே வீ1 மரபணுவை நேரம் பார்த்து முடுக்குகின்றன. வீ1 கூடினால் வாசல் அடைப்பு, குறைந்தால் திறப்பு. க்ரை என்ற கடிகார மரபணுக்கள் இல்லாத எலிகளில் வீ1 அதிகமாகவே இருந்தது, கல்லீரல் வளர்வதும் தாமதமானது.

ஆக, கடிகாரம் செல்லைப் பிரியச் சொல்லித் துரத்துவதில்லை. எந்த நேரத்தில் விடலாம் என்பதைத்தான் பார்த்துக்கொள்கிறது. நீலப்பச்சைப் பாசியில்கூட இப்படித்தான். ஒரு நாளுக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறை பிரியும் வேகத்தில் வளரும்போதும், குறிப்பிட்ட சில மணி நேரம் அது பிரியாது.

எதிர்த் திசையிலும் பிடி இருக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வளர்ப்புத் தட்டில் இருக்கும் எலி செல்களுக்கு ஊட்டத்தைக் கூட்டினால் அவை சீக்கிரம் பிரிகின்றன. கூடவே அவற்றின் கடிகாரமும் வேகமெடுக்கிறது. 2014இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இந்தப் பிணைப்பைக் காட்டின.

அப்புறம், மருத்துவம். புற்றுநோய் மருந்துகள் பல, பிரிகிற செல்களைத் தாக்குபவை. வாயில் உள்ள நல்ல செல்களும் அதில் அடிபடும். குடல் புற்றுநோய் பரவியவர்களுக்கு நாளின் நேரத்துக்கு ஏற்ப மருந்தின் அளவைக் கூட்டிக் குறைத்து ஏற்றிய 1997ஆம் ஆண்டு ஆய்வில், கடுமையான வாய்ப்புண் 14 சதவீதத்தினருக்கு வந்தது. ஒரே சீராக ஏற்றியவர்களில் 76 சதவீதத்தினருக்கு. ஆனால் 2006இல் வெளியான பெரிய ஆய்வில் இதே முறை பெண்களுக்குப் பாதகமாக முடிந்தது. ஆகவே வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால், மருந்து நேரத்தை நீங்களாக மாற்றாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.