சலான், சம்மன், வாய்தா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போக்குவரத்துச் சலான் பற்றியவை. அவற்றிலும் பாதிப் பேர், சலானில் அச்சிடப்பட்டிருக்கும் சட்டப் பிரிவு எண்ணைக் குறிப்பிடாமலேயே “என்ன செய்வது?” என்று கேட்டிருக்கிறார்கள். மருந்துச் சீட்டின் மேலுறையை மட்டும் அனுப்பிவிட்டு நோய்க்குப் பரிகாரம் கேட்பது போன்றது இது. பிரிவு எண் தெரிந்தவற்றுக்கு மட்டும் இங்கே விடை சொல்கிறேன். எளிதில் ஊகிக்க முடிந்த ஓரிரு கடிதங்களையும் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: இணையத்தில் அபராதம் கட்டினேன். வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டது. சலான் இன்னும் நிலுவையில் இருப்பதாகவே காட்டுகிறது. மீண்டும் கட்டலாமா? (கோயம்புத்தூர்)

பதில்: கட்டாதீர்கள். வங்கிப் பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அதே தளத்தில் நிலுவைப் பரிவர்த்தனையின் நிலையைச் சரிபாருங்கள். இரண்டொரு நாளில் பெரும்பாலும் நேராகிவிடும். இரண்டு முறை கட்டியவர் ஒரு பங்கைத் திரும்பப் பெறுவதற்குள் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அசல் ஆவணங்கள் கையில் இல்லை, கைப்பேசியில் காட்டினேன், ஏற்கவில்லை. வழக்காடலாமா? (சேலம்)

பதில்: அரசின் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டியிருந்தால் அது சட்டப்படி செல்லும்; மத்திய மோட்டார் வாகன விதி 139 மின்னணு வடிவத்தை ஏற்கிறது. கைப்பேசியில் எடுத்து வைத்த புகைப்படத்தைக் காட்டியிருந்தால் செல்லாது. நீங்கள் எதைக் காட்டினீர்கள் என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை.

கேள்வி: நான் போகாத ஊரில், தலைக்கவசம் அணியவில்லை என்று கேமரா சலான் வந்திருக்கிறது. ஆயிரம் ரூபாய்தானே என்று கட்டிவிடலாம் என்கிறார் நண்பர். (தஞ்சாவூர்)

பதில்: நண்பரை விட்டுவிட்டு முதலில் சலானுடன் உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒருவரின் வண்டி சிவப்பு நிற மோட்டார் சைக்கிள். படத்தில் இருந்ததோ கறுப்பு ஸ்கூட்டர். எண் பலகையில் சேறு படிந்திருந்ததால் ‘3’ என்பது ‘8’ ஆகப் படிக்கப்பட்டிருந்தது. வண்டியின் நான்கு பக்கப் படங்கள், ஆர்.சி. நகல், அன்றைய தினம் நீங்கள் வேறிடத்தில் இருந்ததற்கான ஏதாவது ஒரு சான்று ஆகியவற்றுடன், சலான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு எழுத்து மூலம் முறையிட்டு, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். சலான் அதற்குள் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (சலான் வழக்குகளை இணையவழியிலேயே பார்க்கும் நீதிமன்றம்) போயிருந்தால், அங்கே ‘கட்டுகிறேன்’, ‘வழக்காடுகிறேன்’ என்ற இரண்டில் பின்னதைத் தேர்ந்தெடுங்கள்; வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். படத்தில் உங்கள் எண்ணே தெளிவாக இருந்து, வண்டி மட்டும் வேறாக இருந்தால், யாரோ உங்கள் எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார் என்று பொருள். அப்போது காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதைத் தள்ளிப்போடவே கூடாது. இன்று தலைக்கவசத்தோடு போயிற்று. நாளை அதே எண் ஒரு விபத்து வழக்கில் வந்து நிற்கலாம். தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தில் தலைக்கவசத்துக்கான 194டி பிரிவில் ஆயிரம் ரூபாயோடு மூன்று மாத உரிம இழப்பும் சேர்ந்திருக்கிறது. பிரிவு எண்ணைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் விற்ற பைக்குக்கு இப்போது என் பெயரில் ஐந்து சலான்கள் வந்துள்ளன. வாங்கியவர் கைப்பேசியை எடுப்பதில்லை. விற்றதற்கு இருபது ரூபாய் முத்திரைத்தாள் இருக்கிறது. நான் ஏன் கட்ட வேண்டும்? (மதுரை)

பதில்: இதே கேள்வி மாதத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் விற்றது வண்டியை மட்டும்தான். உங்கள் பெயரை அதன் மேலேயே விட்டுவிட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதற்கென்றே படிவம் 29, படிவம் 30 இரண்டும் இருக்கின்றன. கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டு, “அவர் பார்த்துக்கொள்வார்” என்று வீடு திரும்புவது பெயர் மாற்றம் ஆகாது. அந்தத் தரகரின் மேசை இழுப்பறையில் அப்படிப்பட்ட படிவங்கள் ரப்பர் வளையம் போட்ட கட்டாகக் கிடப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சலான் சிறிய விஷயம். அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டால் இழப்பீட்டு வழக்கிலும் முதல் ஆளாக உங்களைத்தான் சேர்ப்பார்கள். வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு விபத்து வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. முத்திரைத்தாள் உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையிலான கணக்கு. மூன்றாம் மனிதரை அது கட்டுப்படுத்தாது.

இனி செய்ய வேண்டியது: விற்பனை ஒப்பந்தம், வண்டியை ஒப்படைத்த தேதி, வாங்கியவரின் அடையாளச் சான்று நகல் (வாங்கி வைத்திருந்தால்), பணம் வந்த வங்கிப் பதிவு ஆகியவற்றை இணைத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒப்புகை பெறும் வகையில் விரைவுத் தபால் அனுப்புங்கள். அதே தொகுப்பைச் சலான் உள்ள நீதிமன்றத்தில் காட்டி, அன்று வண்டியை ஓட்டியவர் நீங்கள் அல்ல என்று சொல்லுங்கள். ஓட்டுநர் யார் என்று காவல்துறை கேட்டால் தெரிந்த விவரத்தைச் சொல்ல வேண்டியது 133-ஆம் பிரிவின்படி உரிமையாளரின் கடமை என்பதால், வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் மறைக்காமல் எழுதிக்கொடுங்கள். ஐந்தையும் ஒரே மனுவில் தீர்க்க முடியாது. ஒவ்வொன்றும் எந்த எல்லையில் நடந்ததோ அந்த நீதிமன்றத்துக்குரியது. அலைச்சல்தான், ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முற்பகல் செலவிட்டிருந்தால் இது இராது.

கேள்வி: குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கு. அடுத்த மக்கள் நீதிமன்றத்தில் பாதித் தொகையில் முடித்துக்கொள்ளலாமா? (பெயர், ஊர் இல்லை)

பதில்: முடியாது. 185-ஆம் பிரிவு, காவல் அதிகாரி இணக்கக் கட்டணம் பெற்று முடித்துவைக்கும் குற்றங்களைச் சொல்லும் 200-ஆம் பிரிவின் பட்டியலிலேயே இல்லை. அத்தகைய வழக்கை மக்கள் நீதிமன்றம் தொடாது. நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது என்பதே அளவு. முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது பதினைந்தாயிரம் அல்லது இரண்டும். வழக்கறிஞருடன் நேரில் ஆஜராகுங்கள்.

கேள்வி: சம்மன் வந்திருக்கிறது. வழக்கறிஞர் கட்டாயமா? உள்ளே போனால் என்ன நடக்கும்? (திருநெல்வேலி)

பதில்: சிறு குற்றங்களுக்குக் கட்டாயமில்லை. உரிமம், ஆர்.சி., காப்பீடு ஆகியவற்றின் அசலும் நகலும், சம்மனும் எடுத்துக்கொண்டு நேரத்துக்கு முன்பே போங்கள். வெளிப் பலகையில் அன்றைய வழக்குப் பட்டியல் இருக்கும். உங்கள் எண் எத்தனையாவது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணை அழைத்ததும் முன்னே நில்லுங்கள். நடுவர் (மாஜிஸ்திரேட்) குற்றச்சாட்டைப் படித்து, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குத் தான் எடை. நடுவர் முன் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பது தண்டனைத் தீர்ப்புக்கு வழிவிடும். அதிகாரியிடம் இணக்கக் கட்டணம் செலுத்தி முடித்தால் மேல் நடவடிக்கை இல்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் அநேகர். மறுத்தால் வாய்தா போட்டுச் சாட்சி விசாரணைக்கு எடுப்பார்கள். தோற்றால் அபராதம் சட்டத்தின் உச்ச வரம்பு வரை போகலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். கைப்பேசி பேசிக்கொண்டு ஓட்டுவது போன்ற 184-ஆம் பிரிவுக் குற்றத்துக்கு முதல் முறை ஆயிரம் முதல் ஐயாயிரம் வரை இடமிருக்கிறது. போகாமல் இருப்பது மட்டும் வேண்டாம், பிடியாணை வீட்டு வாசலுக்கு வரும். கட்டிய ரசீதை அன்றைக்கே நகல் எடுங்கள். அந்தத் தாளின் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடும்.

கேள்வி: பதினாறு வயது மகன் பக்கத்துக் கடைக்குத்தான் ஸ்கூட்டரில் போனான். மன்னிப்பு மனு எழுதினால் போதுமா? (வேலூர்)

பதில்: போதாது. 199ஏ பிரிவில் குற்றவாளியாகக் கருதப்படுபவர் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர். மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாயும், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை உரிமம் இல்லை. தெரியாமல் எடுத்துப் போனான், தடுக்க வேண்டிய கவனத்தை நான் செலுத்தியிருந்தேன் என்று மெய்ப்பிப்பது உங்கள் பொறுப்பு. “பக்கத்துக் கடைக்குத்தான்” என்று எழுதியதன் மூலம் தெரிந்தே விட்டதாக எனக்கே சொல்லிவிட்டீர்கள். நடுவரிடமும் சொல்லிவைக்காமல், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: 2022-ஆம் ஆண்டுச் சலான் ஒன்று இப்போது கண்ணில் பட்டது. ஆறு மாதம் ஆனால் காலாவதி என்கிறார்களே? (ஈரோடு)

பதில்: அரைகுறையாகக் கேட்டிருக்கிறீர்கள். அபராதம் மட்டுமே தண்டனையான குற்றத்தை ஆறு மாதத்துக்குப் பின் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்பது விதி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514. ஆனால் சிறைத் தண்டனையும் உள்ள பிரிவுக்குக் காலவரம்பு நீளும், தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமும் உண்டு. குறித்த காலத்துக்குள் கோப்பு நீதிமன்றத்துக்குப் போய் எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தால் இந்த வாதமே எழாது. சலானின் பிரிவு எண்ணையும், நீதிமன்றத்துக்கு அனுப்பிய தேதியையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அதுவரை வண்டியை விற்க எண்ணாதீர்கள். நிலுவைச் சலான் பெயர் மாற்றத்துக்குத் தடையாக வந்து நிற்கும்.

கேள்வி: வாட்ஸ்ஆப்பில் சலான் என்று ஒரு ஏபிகே கோப்பு (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தது. திறக்கலாமா? (திருச்சி, விழுப்புரம், இன்னும் நால்வர்)

பதில்: திறக்காதீர்கள், அழித்துவிடுங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணை நீங்களே தட்டிப் பாருங்கள். சலான் இருந்தால் அங்கே இருக்கும்.