பி-மதிப்புக்குப் பதில் எதைக் கணக்கிடுவது, எந்த மென்பொருளில்?

கேள்வி: தலா 30 பேர் கொண்ட இரண்டு குழுக்களின் சராசரிகளை டி-சோதனையில் ஒப்பிட்டேன். பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.04 வந்தது. ‘இது மட்டும் போதாது, வேறு சான்றும் காட்டுங்கள்’ என்கிறார் மதிப்பாய்வாளர். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் மட்டும்தான் பழக்கம், நிரல் எழுத வராது. என்ன செய்யலாம்?

பதில்: ஜாஸ்ப் என்ற புள்ளியியல் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். உங்கள் எஸ்பிஎஸ்எஸ் கோப்பை அப்படியே திறக்கும். நிரல் எழுத வேண்டியதே இல்லை.

முதலில் அதிலுள்ள வழக்கமான டி-சோதனையிலேயே விளைவின் அளவையும் (வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை) அதன் 95% நம்பக இடைவெளியையும் (உண்மை அளவு இருக்கக்கூடிய வரம்பை) கேளுங்கள். உங்கள் எண்களுக்கு கோஹென் டி (சராசரிகளின் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்த அளவு) ஏறக்குறைய 0.54 வரும், இடைவெளியோ சுமார் 0.03 முதல் 1.05 வரை நீளும். அதாவது வேறுபாடு கிட்டத்தட்ட இல்லாமலும் இருக்கலாம், மிகப் பெரிதாகவும் இருக்கலாம். மதிப்பாய்வாளரின் தயக்கம் நியாயமானது என்பதை இந்த ஒரு வரியே காட்டிவிடும். என்னைக் கேட்டால், வேறு எதைச் சேர்க்காவிட்டாலும் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

அப்புறம் பேயஸ் காரணி. வேறுபாடு உண்டு என்ற கருதுகோள், இல்லை என்ற கருதுகோளைவிட எத்தனை மடங்கு நன்றாக உங்கள் தரவை முன்கணிக்கிறது என்று இது சொல்லும். ஜாஸ்ப்பின் இயல்பு அமைப்பில் உங்களுக்கு 1.7-ஐ ஒட்டி வரும். 3-க்குக் கீழே என்றால் பலவீனமான சான்று என்பதுதான் வழக்கம். 20-க்கு 1 என்று மனதில் பதிந்துபோன 0.05 என்ற வழக்கமான பி-மதிப்பு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு முடிவு, இரண்டு மடங்குகூடத் தேறவில்லை பாருங்கள்! எண்ணின் திசையையும் கவனியுங்கள்: வேறுபாடு உண்டு என்பதற்கான பிஎஃப்10 என்றால் 1.7, இல்லை என்பதற்கான பிஎஃப்01 என்றால் அதே முடிவு 0.6 என்று தெரியும்.

இந்த எண் முன்பரவலை, அதாவது தரவைப் பார்ப்பதற்கு முன் விளைவு எவ்வளவு இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளும் அனுமானத்தைப் பொறுத்தது. ஜாஸ்ப் 0.707 அகலமுள்ள கௌச்சி பரவலை எடுத்துக்கொள்கிறது. அகலத்தை மாற்றினால் முடிவு எப்படி நகர்கிறது என்று காட்டும் வரைபடமும் அதிலேயே உண்டு, அதையும் இணையுங்கள். பிடித்த எண் வரும்வரை அகலத்தை மாற்றிப் பார்ப்பது மட்டும் கூடாது.

முன்பரவலே வேண்டாம் என்று மதிப்பாய்வாளர் சொன்னால், வோவ்க்-செல்கே விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். அது பி-மதிப்பிலிருந்தே பேயஸ் காரணிக்கு ஓர் உச்சவரம்பைக் கணக்கிடும்: 0.04-க்கு 2.86.

எஸ்பிஎஸ்எஸ்ஸை விட மனமில்லையா? சரி, 25-ஆம் பதிப்பு முதல் அதிலும் பேயஸ் பகுதி இருக்கிறது. பின்னாளில் ஆர் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டால் பேயஸ்ஃபேக்டர் தொகுப்பு இதே கணக்கைச் செய்யும். ‘இரண்டு குழுக்களும் நடைமுறையில் சமம்தான்’ என்று நிறுவ நினைத்தால் மேலே சொன்ன இடைவெளியும் காரணியும் போதாது. அதற்குச் சமானச் சோதனை தேவை, ஆரில் டோஸ்டர் என்ற தொகுப்பு உண்டு. எவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அறிக்கையில் பி-மதிப்பை நீக்காதீர்கள். அதன் பக்கத்திலேயே இடைவெளி, பேயஸ் காரணி, முன்பரவலின் அகலம், மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவற்றை எழுதுங்கள்.