42,000 ரூபாய்க்கு மூளை வளர்ச்சி கிட்... வாங்கலாமா?

கேள்வி: பையனுக்கு 14 மாசம் ஆகுது மேடம். மூணு வயசுக்குள்ள மூளை 80 சதவீதம் வளந்துடும், அதுக்குள்ள பயிற்சி குடுக்கலேன்னா போச்சுன்னு ஒருத்தர் வீட்டுக்கே வந்து லேப்டாப்ல ஜமைக்கா ரிசர்ச் எல்லாம் காட்டினார். கார்டு, பொம்மை, டேப்லெட் சேத்து 42,000, இஎம்ஐ போட்டுக்கலாம்னார். 2,000 அட்வான்ஸ் குடுத்துட்டேன். மீதி கட்டலாமா? — திண்டுக்கல் வாசகி

பதில்: கட்டாதீங்கம்மா. அவர் காட்டின அதே ஜமைக்கா ஆய்வுதான் அவருக்கு எதிரான சாட்சி. உங்ககிட்ட பாதிய மட்டும் காட்டியிருக்காரு, மீதிய நான் சொல்றேன்.

1986-87ல ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன்ல 129 குழந்தைங்களை எடுத்தாங்க, 9ல இருந்து 24 மாசம் வயசு, எல்லாருமே ஏழை வீட்டுப் பிள்ளைங்க, ஊட்டச்சத்து இல்லாம வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க. சாலி கிரான்தம்-மெக்ரிகர்னு ஒரு டாக்டர் தலைமையில, அதுல பாதிப் பேருக்கு மட்டும், ரெண்டு வருஷம், வாரம் ஒரு மணி நேரம் ஒரு சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய் உக்காந்து, குழந்தைகூட எப்படிப் பேசணும், எப்படி விளையாடணும்னு அம்மாவுக்குக் காட்டினாங்க. பொம்மை எங்க வாங்கினாங்க தெரியுமா, எங்கயும் வாங்கல. காலி பாட்டில், அட்டைப்பெட்டி, துணின்னு வீட்ல கிடக்கறத வச்சு செஞ்சது, இந்த வாரம் ஒண்ண விட்டுட்டுப் போவாங்க, அடுத்த வாரம் வந்து மாத்திக் குடுப்பாங்க, அவ்ளோதான். அந்தப் பிள்ளைங்க 22 வயசுல சம்பாதிச்சது, விளையாட்டுப் பயிற்சி கிடைக்காத பிள்ளைங்களை விட 25 சதவீதம் அதிகம்.

அந்த 25 சதவீதத்த மட்டும் பிடிச்சுக்கிட்டுதான் இவங்க தெருத்தெருவா வர்றாங்க. பலன் குடுத்தது வாராவாரம் வந்த ஆளும் அம்மாவோட பேச்சும், அட்டை இல்ல. இதே முறைய கொலம்பியாவுல பெரிய அளவுல செஞ்சு பாத்தாங்க, முடியறப்போ முன்னேற்றம் தெரிஞ்சுது, ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா காணோம். வீடு தேடி ஆள் போய் செஞ்சதுக்கே இந்த நிலைமை, இவர் குடுக்கற டேப் பையனோட தலையெழுத்தையே மாத்திடுமா?

டேப்னதும் ஞாபகம் வருது, ஒரு வயசுப் பிள்ளைக்கு ஸ்கிரீனே வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிடுச்சு. அந்த 80 சதவீதமும் மூளையோட சைஸ் கணக்கும்மா, அறிவுக் கணக்கு இல்ல. மூணு வயசோட கதவச் சாத்தறதுக்கு மூளை என்ன ரேஷன் கடையா?

நீங்க செய்ய வேண்டியது, அங்கன்வாடிக்குப் போய் எடை, உயரம் போட்டு வளர்ச்சி அட்டையில குறிக்கச் சொல்லுங்க. இரும்புச்சத்து சிரப் வாரம் ரெண்டு தடவை 1 மில்லி, ஆறு மாசத்துக்கு ஒருமுறை விட்டமின் ஏ, ரெண்டும் இலவசம், கேட்டு வாங்குங்க. ஏன் கேக்கச் சொல்றேன்னா அங்கன்வாடி ஊழியரம்மாவே ஆப்ல என்ட்ரி போட்டு, போட்டோ எடுத்து, ரிஜிஸ்டர் எழுதி முடிக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிடுது, அப்புறம் எங்க குழந்தையோட உக்காந்து விளையாடறது? ஜமைக்காவுல ஆள் வந்ததாலதான் பலன் வந்துச்சு, இங்க இருக்கற ஆளையும் டேட்டா என்ட்ரிக்குப் போட்டுட்டு, பெத்தவங்க ஏன் ஏஜென்ட்கிட்ட போறாங்கன்னு மீட்டிங் போட்டுக் கேக்கறாங்க.

வீட்ல சோறு ஊட்டறப்போ, குளிப்பாட்டறப்போ பேசிக்கிட்டே இருங்க, அவன் "ஆ"ன்னா நீங்களும் "ஆ"ன்னுட்டு அவன் அடுத்து என்ன சொல்றான்னு காத்திருங்க. டப்பாவ மூடித் திறக்க விடுங்க. புளியங்கொட்டை, பட்டன் மாதிரி வாய்ல போடற சைஸ் சாமான் மட்டும் கைக்கு எட்டக் கூடாது.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் நான் "விடுங்க, தானா சரியாயிடும்"னு சொல்ல மாட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பலேன்னா, 16 மாசமாகியும் ஒரு வார்த்தை கூட வரலேன்னா, ரெண்டு வயசுல ரெண்டு வார்த்தை சேத்துப் பேசலேன்னா, முக்கியமா பேசிட்டிருந்த பிள்ளை பேச்ச நிறுத்திட்டா, அப்போ காத்திருக்கவே கூடாது. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு"ன்னு மாமியார் சொல்வாங்க, சொல்லட்டும், நீங்க முதல்ல காது டெஸ்ட் எடுங்க. கதவைத் தட்டினா திரும்புறானேன்னு விட்டுடாதீங்க, சத்தம் கேக்கறது வேற, பேச்சு கேக்கறது வேற. மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டு மையம்னு அரசாங்கத்துல இருக்கு, டெஸ்டும் தெரபியும் இலவசம், எங்க இருக்குன்னு 104ல கேளுங்க. இதுலயும் நேரா தனியார் தெரபி சென்டருக்குப் போய் ஆறு மாச பேக்கேஜுக்கு மொத்தமா முன்பணம் கட்டிடாதீங்க, கமிஷனுக்கு ஆள் அனுப்பறவங்க அங்கயும் இருக்காங்க.

அட்வான்ஸ் விஷயம்: வேணாம், பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னு வாட்ஸ்அப்லயாவது எழுத்துல அனுப்புங்க, போன்ல பேசி விட்டுடாதீங்க. ஆதார், ஓடிபி ஏதாவது குடுத்திருந்தா இன்னிக்கே பேங்குக்குப் போய் உங்க அக்கவுண்ட்ல ஆட்டோ டெபிட் ஏதும் போட்டிருக்காங்களான்னு பாத்து நிறுத்தச் சொல்லுங்க. பணம் திரும்பலேன்னா 1915, நுகர்வோர் உதவி எண், ரசீது போட்டோவ கையில வச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க.