யூரிக் அமிலத்துக்குக் குவர்செட்டின் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஓராண்டுக்குள் இரண்டு முறை கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர்போகும் வலி வந்தது. யூரிக் அமிலம் 8.4 மி.கி. இருந்ததால் மருத்துவர் அதைக் குறைக்கும் அலோபூரினால் மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார். என் மைத்துனரோ, அதற்குப் பதிலாகச் சாப்பிடச் சொல்லி, தாவரங்களில் உள்ள குவர்செட்டின் மாத்திரை டப்பா ஒன்றை வாங்கித் தந்திருக்கிறார். மாற்றிக்கொள்ளலாமா? இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். - வாசகர், கரூர்.

பதில்: மாற்றிக்கொள்ள வேண்டாம். உங்கள் மைத்துனர் சொல்வது முழுக்கக் கட்டுக்கதை அல்ல என்பதால் சற்று விளக்கமாகவே சொல்கிறேன்.

குவர்செட்டின், வெங்காயத்தில் நிறைய இருக்கும் ஒரு ஃபிளேவனாய்டு, அதாவது ஒருவகைத் தாவர வேதிப்பொருள். உடலின் செல்களிலும் உணவிலும் உள்ள பியூரின்கள் என்னும் பொருள்கள் சிதையும்போது அவற்றை யூரிக் அமிலமாக மாற்றுவது சாந்தைன் ஆக்சிடேஸ் என்னும் நொதி. அலோபூரினால் தடுப்பது இந்த நொதியைத்தான், ஆய்வகச் சோதனைகளில் குவர்செட்டினும் இதையே தடுக்கிறது. ஆனால் விழுங்கிய குவர்செட்டினைக் குடலும் கல்லீரலும் வேறு வடிவங்களாக மாற்றிவிடுவதால், மாறாத நிலையில் இரத்தத்தை அடைவது சொற்பமே.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், யூரிக் அமிலம் இயல்பு வரம்பின் மேல்பகுதியில் இருந்த 22 ஆரோக்கியமான ஆண்கள் நாள்தோறும் 500 மி.கி. குவர்செட்டினை நான்கு வாரங்கள் சாப்பிட்டனர். யூரிக் அமிலம் டெசிலிட்டருக்குச் சராசரியாக 0.45 மி.கி. அளவுக்குக் குறைந்தது. குறைந்தது உண்மைதான், ஆனால் அவர்கள் உங்களைப் போல யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்கி வலிக்கும் கீல்வாத (gout) நோயாளிகள் அல்லர். அதே அளவு உங்களுக்குக் குறைந்தாலும் 8.4 என்பது ஏறத்தாழ 8 ஆகும், அவ்வளவே. ஏறக்குறைய 6.8-ஐத் தாண்டினாலே யூரிக் அமிலம் யூரேட் என்னும் உப்பாக மூட்டுகளில் படிகமாகப் படியக்கூடும் என்பதால், வலி வந்துவிட்ட உங்களைப் போன்றவர்களுக்கு 6-க்குக் கீழே கொண்டுவருவதே சிகிச்சையின் இலக்கு.

அலோபூரினால் தொடங்கிய முதல் சில மாதங்களில், பழைய படிகங்கள் கரையும்போது வலி மறுபடி வரலாம். மருந்து பலிக்கவில்லை என்று பலர் டப்பாவைத் தேடிப் போவது அப்போதுதான். அந்த வலியைத் தடுக்கவும் மருந்து உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ தோன்றினால் அலோபூரினாலை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வெங்காயத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். குவர்செட்டின் மாத்திரையைக் கூடுதலாகவாவது சாப்பிட விரும்பினால், குறிப்பாக இரத்தம் உறையாமைக்கான வார்ஃபரின் எடுப்பவராகவோ சிறுநீரகக் கோளாறு உள்ளவராகவோ இருந்தால், முதலில் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள்.

டப்பாவைவிட முக்கியமாக, உங்கள் இரத்த அழுத்த மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். அதில் ஹைட்ரோகுளோரோதயாசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று இருந்தால், யூரிக் அமிலத்தை உயர்த்துவதில் அதற்கும் பங்கிருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல், யூரிக் அமிலத்தைச் சற்றுக் குறைக்கும் லோசார்டான் என்னும் இரத்த அழுத்த மருந்து உங்களுக்கு ஏற்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.